மாடி ஏறாத அறிக்கை

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். நான் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற அலுவலகத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். தட்டச்சுப் பொறி போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், நாற்காலி மட்டும் பழையதேதானாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், பொண்ணு எட்டாவது முடிக்கிறா. ஒன்பதாவதுக்கு ரெண்டு பிரைவேட் ஸ்கூல் பாத்து வெச்சிருக்கோம். எதுல சேக்கறதுன்னு புரியல. நீங்க இந்த ஊரு ஸ்கூலுங்க ரிப்போர்ட் எல்லாத்தையும் உங்க கையால அடிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன் என்று போனை வைத்துவிட்டேன். இதே கேள்வி என் வீட்டுக்கு ஒரு முறை வந்தது. அப்போது நானும் எனக்குத் தெரியாததா என்றுதான் நினைத்தேன்.

பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்து அங்கீகாரம் புதுப்பிக்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. பெயர் வேண்டாம், திருவண்ணாமலைக்காரர்களுக்குப் புரியும். பதினொன்றாவது முடித்து, தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறி, கல்யாணமாகி, புவனா பிறந்து, எழுபதுகளின் நடுவில் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அதற்கு முந்தின கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வேலை என்னவென்றால் இதுதான். ஆய்வு அலுவலர் ஒரு பள்ளிக்குப் போவார். கூடவே கேம்ப் கிளார்க் ஏழுமலை பையைத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வந்து அலுவலர் பென்சிலில் வரைவு எழுதுவார். அதை நான் அடிக்க வேண்டும். ஒரு அசல், மூன்று கார்பன் பிரதி. அசல் மேலிடத்துக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று கோப்புக்கு, கடைசிப் பிரதி சும்மா இருக்கட்டும் என்று. அந்தக் கடைசிப் பிரதியில் எழுத்து புகை மாதிரிதான் தெரியும். ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் நாலு தாளிலும் ஒவ்வொன்றாக ரப்பரால் அழிக்க வேண்டும். அழிக்கும்போது கார்பனுக்கு நடுவே துண்டுக் காகிதம் செருகாவிட்டால் அடுத்த பிரதியில் கரி அப்பிக்கொள்ளும். இதையெல்லாம் செய்தாலும் எங்கள் அலுவலருக்குப் பிடிக்காது.

அவர் பெயரை நமசிவாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று கோடும் ஒரே அளவில். யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்க மாட்டார். அதை நான் கோயிலில் வேண்டுமானாலும் சொல்வேன். நான் அடித்துக் கொடுத்த தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். படிப்பதற்கு அல்ல, அழித்த இடம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. தெரிந்துவிட்டால் தாளை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, "இன்னொரு தடவை பண்ணிடும்மா" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

அடித்தல் திருத்தல் இல்லை என்றால் பச்சை மையில் கையெழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் மறுபடி படித்து நான் பார்த்ததில்லை. அவர் எழுதினதுதானே, எதற்குப் படிக்க வேண்டும்?

வீணான தாள்கள் ஒரு அட்டைப் பெட்டியில் சேரும். பின்பக்கம் வெற்றாக இருக்கும். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளுக்குக் கணக்குப் போடக் கொடுப்பது எங்கள் எல்லோருக்கும் வழக்கம். புவனா அந்தத் தாள்களில்தான் பெருக்கல் கற்றாள், பூ வரைந்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த அம்மா, இவள் ஏக்கமாகப் பார்ப்பதைக் கண்டு, மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைக்கச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒரே பேச்சு. "ம்மா, நம்ம ரத்தத்துல குட்டி குட்டியா வட்டம் வட்டமா இருக்குது. நான் ரத்தம் பாக்கற வேலைக்குத்தான் போவேன்." அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று அவளே கேட்டு வைத்திருந்தாள். பத்தாவதில் அறிவியலில் நல்ல மார்க், பிறகு பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப், அப்புறம் அந்தப் படிப்பு. வீட்டில் யாருக்கும் தெரியாத வழியை ஒரு சின்னப் பெண் கோடு போட்டு வைத்திருந்தாள்.

அவள் படித்த பள்ளி எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்குப் பெண்கள் சேரக்கூடிய தனியார் பள்ளிகள் எங்கள் பக்கத்தில் இரண்டு. ஒன்று புதுசாகக் கட்டிய மாடிக் கட்டடம், ஊரில் மாடிப் பள்ளி என்பார்கள். இன்னொன்று பழைய ஓட்டுக் கட்டடம், ஓட்டுப் பள்ளி. கட்ட வேண்டிய பள்ளிச் சம்பளம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புவனாவுக்கு ஓட்டுப் பள்ளிமேல் ஆசை. எதிர்வீட்டுத் தேவி அங்கே போகப்போகிறாள் என்பது ஒரு காரணம். அங்கே மைக்ராஸ்கோப் இருப்பதாகத் தேவியின் அக்கா சொன்னது இன்னொரு காரணம்.

"நீதானே அந்த ஆபீஸ்ல இருக்கற. நீயே பாத்து முடிவு பண்ணு" என்று என் வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. ஊரில் மற்றவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டும் டீக்கடையில் கேட்டும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். நான் அப்படியா? இரண்டு பள்ளிகளின் ஆய்வு அறிக்கையும் என் விரல் வழியாகப் போனவை. வெளியே சொல்லக் கூடாத கோப்பு. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது இரண்டையும் எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

ஓட்டுப் பள்ளி அறிக்கை நாலு பக்கம், முழுக்கக் குறை. "மூன்றாம் அறைக் கூரையில் இரண்டு ஓடுகள் உடைந்துள்ளன. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஆய்வகத் தராசில் ஒரு தட்டு இல்லை. நுண்ணோக்கி ஒன்று மட்டுமே உள்ளது. அதன் கண்ணாடியில் கீறல் காணப்படுகிறது." மாடிப் பள்ளி அறிக்கை ஒன்றரைப் பக்கம். "ஆய்வகம் போதிய வசதிகளுடன் நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறது. அறிவியல் ஆசிரியர் இருவர் பணிபுரிகின்றனர். பள்ளியின் செயல்பாடு திருப்திகரமாக உள்ளது."

இதற்குமேல் என்ன வேண்டும்?

இருந்தாலும் பெற்றவள் இல்லையா, நேரிலும் ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு பள்ளிக்கும் போனேன். ஓட்டுப் பள்ளித் தலைமையாசிரியை ராஜேஸ்வரி டீச்சர் என்னை அறை அறையாக இழுத்துக்கொண்டு போனார். எதையும் மறைக்கவில்லை. ஆய்வக மேஜைமேல் அந்தத் தராசு இருந்தது. இல்லாத தட்டுக்குப் பதிலாக ஒரு கொட்டாங்குச்சியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தட்டு தொலைஞ்சு போச்சுங்க. பொண்ணுங்களே இத கட்டிக்கிச்சுங்க. கொட்டாங்குச்சி வெயிட்ட கழிச்சுட்டுக் கணக்கு போடுதுங்க" என்றார் டீச்சர்.

நான் சிரித்துவிட்டேன். நான் அடித்த வாக்கியம் அப்படியே கண்ணெதிரே தொங்குகிறதே என்று வந்த சிரிப்பு. கொட்டாங்குச்சியை வைத்து எடை போடும் பள்ளிக்கா என் பெண்ணை அனுப்புவேன் என்ற சிரிப்பும் அதில் இருந்தது.

மாடிப் பள்ளியில் தாளாளர் என்னைக் கீழ்த்தள அறையில் உட்காரவைத்து மின்விசிறியைப் போட்டார். கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கோப்பைகள். "லேப் மேலதாங்க இருக்குது. சாவி சயின்ஸ் மாஸ்டர்கிட்ட மாட்டிக்கிச்சு, அவரு லீவு. வேணும்னா ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க, ஆள் அனுப்பறேன்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பரவாயில்லைங்க, எனக்குத் தெரியும் என்று எழுந்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்ற சொல் இப்போது நினைத்தாலும் நாக்கில் கசக்கிறது. படிக்கட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருபது படி இருக்குமா?

புவனா அழுதாள். "ரிப்போர்ட்ட பாத்துட்டுதான்டி சொல்றேன்" என்று அடக்கினேன். மாடிப் பள்ளியில் சேர்த்தேன்.

ஒன்பதாவது காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் அவள் சொல்ல ஆரம்பித்தாள். சயின்ஸுக்கு வாத்தியாரே வருவதில்லை, அந்தப் பீரியடில் தாளாளரின் மைத்துனர் வந்து புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறார் என்றாள். நான் நம்பவில்லை. படிக்க வணங்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு சயின்ஸ் மாஸ்டர் இருக்காங்கடி. பேரு, படிப்பு எல்லாத்தோடயும் நான்தானே அடிச்சேன்."

"ம்மா, நான் அந்த கிளாஸ்ல உக்காந்திருக்கேம்மா."

"லேப்?"

"பூட்டியே கெடக்குது. அந்த வராண்டாவுல நின்னா மலை நல்லாத் தெரியும். அவ்ளோதான்."

பொய் சொல்லாதே என்று கன்னத்தில் ஒன்று வைத்தேன். அரசாங்கக் கோப்பில் இருப்பதை ஒரு பதினாலு வயசுப் பெண் இல்லை என்கிறாளே என்று எனக்கு வந்த கோபம் அது. என் பெண் சொன்னதைவிட நான் அடித்த தாள் எனக்கு உசத்தியாக இருந்தது. இதை எழுதும்போதும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒன்பதாவதில் எல்லோரையும் தேர்ச்சி போட்டுவிட்டார்கள். பத்தாவது தொடங்கி ஒரு மாதம் இருக்கும். தேநீர் வேளையில் ஏழுமலை முழங்காலுக்குப் பூசும் தைலம் வாங்கி வந்து அலுவலர் மேஜையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயாவுக்கு முட்டி வலி ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. படின்னாலே பயப்படறாரு."

"அப்போ மாடி இருக்கற ஸ்கூலுக்குப் போனா?"

"கீழயே உக்காந்துக்குவாரு. ரிஜிஸ்டர் எல்லாம் கீழ எடுத்துட்டு வந்துடுவாங்க. மேல எல்லாம் சரியா இருக்குதான்னு கேப்பாரு. இருக்குதுங்கய்யான்னுவாங்க. நாங்க எந்த மாடி ஏறியிருக்கோம்க்கா?"

"நீ ஏறிப் பாக்கறதுதானே?"

"ஐயாவே உக்காந்திருக்கும்போது நான் எப்படிக்கா ஏறுவேன்?"

அன்று மாலை எல்லோரும் போனபின் கோப்பு அலமாரியைத் திறந்தேன். மாடி உள்ள பள்ளி ஒவ்வொன்றின் அறிக்கையாக எடுத்தேன். செங்கத்தில் ஒன்று, போளூரில் ஒன்று, எங்கள் ஊரில் மூன்று. எல்லாவற்றிலும் ஆய்வகம் போதிய வசதிகளுடன் நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறது. ஒரு சொல் மாறவில்லை. இந்த வாக்கியத்தை எத்தனை முறை அடித்திருப்பேன்! வரைவைப் பார்க்காமலே அடிப்பேன், அவ்வளவு பழக்கம். ஒரே வாக்கியம் ஊர் ஊராக எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? மாடி இல்லாத பள்ளிகளின் அறிக்கையில்தான் உடைந்த ஓடு, தாழ்ப்பாள் இல்லாத கதவு, கீறல் விழுந்த கண்ணாடி. அங்கெல்லாம் மனிதர் நடந்து போய்த் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். குறை எழுதியிருந்த இடம் அவர் பார்த்த இடம். குறை இல்லாத இடம் அவர் பார்க்காத இடம். இது அந்த அலுவலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ராஜேஸ்வரி டீச்சரிடம் ஓடினேன். பத்தாவதில் ஒரு இடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"பத்தாவதுல புதுசா யாரையும் எடுக்கறதில்லீங்க. போன வருஷம்னா கண்டிப்பா எடுத்திருப்பேன்" என்றவர், என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க வந்தீங்க இல்ல? தராசைப் பாத்து சிரிச்சீங்களே."

அவர் கோபமாகவும் சொல்லவில்லை, ஞாபகம் வந்ததைச் சொன்னார்.

ட்யூஷனுக்கு அனுப்பினேன். தீபத்துக்கு ஊரே வீதியில் நின்றபோது அவளை வீட்டில் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு வருஷப் பாடத்தை அவள் ஒருத்தியாக உட்கார்ந்து எவ்வளவுதான் விழுங்குவாள்? பேப்பரில் முடிவு வந்த அன்று அவள் எண் இல்லை. அறிவியலில் போய்விட்டது. வேறு எதிலாவது போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் ஒரு வருஷம் போனதோடு சயின்ஸ் குரூப்பும் போயிற்று. அந்த மார்க்கைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை. தேவிக்குக் கிடைத்தது. "படிச்ச வரைக்கும் போதும், டைப் கத்துக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். என் பெண் என் தொழிலுக்கே வந்து சேர்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். "ரிப்போர்ட்ட நம்பாத. ரெண்டு ஸ்கூலுக்கும் நீயே போ. மாடி இருந்தா மாடி ஏறு. சாவி இல்லன்னா சாவி வர்ற வரைக்கும் உக்காரு. எந்த ஸ்கூல்ல உடைஞ்சத உன் கண்ணுல காட்டறாங்களோ அதுல சேத்துடு" என்றேன். அவள் நன்றி சொன்னாள். அனுபவம்னா அனுபவம்தான் மேடம் என்றாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை அது.

புவனா தோற்ற அதே வருஷம், முடிவு வந்து சில வாரத்தில், மாடிப் பள்ளியின் அங்கீகாரம் புதுப்பிக்க வந்தது. நமசிவாயம் போய் வந்தார். பென்சில் வரைவு என் மேஜைக்கு வந்தது. ஆய்வகம் போதிய வசதிகளுடன். அறிவியல் ஆசிரியர் இருவர். தேர்ச்சி திருப்திகரம்.

அசலும் மூன்று பிரதியும் செருகி உருளையில் ஏற்றினேன். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தில் ஆய்வகம் என்ற தலைப்பு வந்ததும் என் விரல் வரைவை விட்டு விலகியது. "ஆய்வக அறை இரண்டு ஆண்டுகளாகப் பூட்டியே உள்ளது. அறிவியல் ஆசிரியர் எவரும் பணியில் இல்லை. மாணவிகள் இதனால் தோல்வியுற்றுள்ளனர்." மூன்று வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. என் வேலைக் காலத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் அடித்ததில்லை.

அவர் படிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அழித்தல் இல்லை என்றதும் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். தாள் மேலிடத்துக்குப் போகும். யாராவது வந்து மாடி ஏறுவார்கள். கீழ்வகுப்பில் படிக்கிற பெண்களாவது தப்புவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். வரைவில் இல்லாததை அடித்தால் வேலை போகும் என்பதும் தெரியும்.

"முடிஞ்சுதாம்மா?" என்று உள்ளிருந்து அவர் குரல் வந்தது. எப்போதும் போல மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு நிமிஷங்கய்யா, பக்கம் மாறிப்போச்சு" என்றேன். நாலு தாளையும் உருவி எடுத்து அட்டைப் பெட்டியில் போட்டேன். புதுத் தாள் ஏற்றினேன். போதிய வசதிகளுடன் நல்ல முறையில் பராமரிக்கப்படுகிறது. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகும் அந்தப் பள்ளி பல வருஷம் நடந்தது.

அடுத்த வருஷம் புவனா டைப் வகுப்புக்குப் போக ஆரம்பித்தபோது, பழகுவதற்குத் தாள் வேண்டும் என்றாள். அட்டைப் பெட்டியில் சேர்ந்திருந்ததை அப்படியே ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். வருஷக்கணக்காகச் சேர்ந்த தாள்கள். நான் புரட்டிப் பார்க்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். தாளைத் தரையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இது நீ அடிச்சதாம்மா?"

பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் அந்த மூன்று வரியையும் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள். டைப் வகுப்பில் தப்புத் தேடச் சொல்லிக் கொடுத்திருந்த மாதிரி.

"தப்பு விழுந்த பேப்பரத்தானேம்மா வீட்டுக்கு எடுத்துட்டு வருவ" என்றாள். "இதுல எங்கம்மா தப்பு இருக்குது?"